நிதி தராதவர்கள் தந்தது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை வேளை. கோலாலம்பூரில் ஓர் உயரமான கட்டடத்தின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். ஆய்வு உதவித்தொகைக்கான நேர்காணல். எனக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. சுற்றிலும் இருந்தவர்கள் எல்லாம் இளசுகள். மகளை நேர்காணலுக்கு அழைத்து வந்த அம்மா என்று நினைத்து, வரவேற்பறைப் பெண் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "உங்க பிள்ளை உள்ளே போயிட்டாங்களா ஆன்டி?" என்று வேறு கேட்டுவிட்டாள்.

நான் கிள்ளான்காரி. இன்சூரன்ஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு பிஎச்டி படிக்கப் போனவள். என்ன ஆய்வு என்று யாராவது கேட்டால் கொஞ்சம் தயங்கித்தான் சொல்வேன். சாவு வீட்டில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன், "கடைசியா முகம் பார்க்கிறவங்க பார்த்துக்குங்க" என்று ஒருவர் குரல் கொடுப்பாரே, அந்தச் சில நிமிடங்களில் நம் ஆட்கள் குனிந்து இறந்தவரிடம் என்ன பேசுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. ஒப்பாரியைச் சொல்லவில்லை. சாதாரணப் பேச்சைச் சொல்கிறேன். துக்கம் கொஞ்சம் ஆறிய பிறகு அந்த வீடுகளுக்குப் போய், அனுமதி கேட்டு, அவர்கள் நினைவில் இருந்து சொல்லச் சொல்லப் பதிவு செய்து வந்தேன். "ஊர்ல வேற நல்ல சப்ஜெக்டே கிடைக்கலையா?" என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது. உதவித்தொகை எதுவும் கிடைக்காவிட்டால் வருடக் கடைசியில் படிப்பை நிறுத்திவிட்டு இன்சூரன்சுக்கே திரும்புவது என்று நானும் கணவரும் பேசி முடித்திருந்தோம். எனக்குப் பட்டம் போவதைப் பற்றிக்கூட அவ்வளவு வருத்தமில்லை. யாரிடமும் சொல்லாததை என்னை நம்பிச் சொன்ன அத்தனை குடும்பங்களின் பேச்சும் என் கணினியிலேயே முடங்கிப் போகுமே என்பதுதான் கவலை.

மனிதர்களின் பேச்சையும் நம்பிக்கையையும் ஆராய்கிறவர்களுக்கு நிதி தேடுவது என்ன பாடு என்று, தேடியவர்களுக்குத்தான் தெரியும். எந்த விண்ணப்பத்தைத் திறந்தாலும், இதனால் என்ன பொருள் உருவாகும், அதை எப்படிச் சந்தைக்குக் கொண்டு வருவீர்கள் என்றுதான் கேட்பார்கள். அழுகிற வீட்டில் இருந்து எந்தப் பொருளை நான் சந்தைக்குக் கொண்டு போக? ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் தோழி, கணினித் துறைக்காரி, வழி சொன்னாள். "ஒரு ஆப் செய்யப் போறேன்னு போடு லா. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

நானும் போட்டேன். இறந்தவரிடம் விடைபெற வார்த்தை கிடைக்காமல் தவிப்பவர்களுக்குப் பொருத்தமான வாக்கியங்களை எடுத்துக் கொடுக்கும் கைப்பேசிச் செயலி. மூன்று மொழிகளில். துக்கத்தின் அளவைச் சொல்ல ஐந்து நட்சத்திரம். கணவர் படித்துப் பார்த்துவிட்டு, "பெட்டி பக்கத்துல நின்னுக்கிட்டு எவன் போனைத் தட்டிக்கிட்டு இருப்பான்?" என்று கேட்டார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது, பேசாமல் இருங்கள் என்று வாயை அடைத்துவிட்டேன். என்ன ஆச்சரியம், நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது.

உள்ளே நடுவர்கள் மூன்று பேர். தலைவர் ஒரு மலாய்ப் பெண்மணி, வரலாற்றுப் பேராசிரியர். அவருக்கு இடப்பக்கம் சீனர் ஒருவர், பொருளாதாரம் படித்தவர். வலப்பக்கம் நம் தமிழர், பொறியாளர், என் வயதுதான் இருக்கும். நம்ம ஆள் இருக்கிறார் என்று சந்தோஷப்பட முடியவில்லை. முகத்தை அப்படி இறுக்கமாக வைத்திருந்தார்.

நான் படங்களைத் திரையில் ஓட்டி மலாயும் ஆங்கிலமும் கலந்து விளக்கினேன். எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று பொருளாதாரக்காரர் கேட்டார். பதில் சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அசடு வழிய நட்சத்திரங்களைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, அதுவரை வாயே திறக்காத பொறியாளர் கையை உயர்த்தினார். தமிழில் பேசினார்.

"ஆப் இருக்கட்டும். அவங்க நிஜமா என்ன சொல்றாங்க?"

இத்தனை விண்ணப்பங்கள் போட்டும் யாரும் கேட்காத கேள்வி அது. பதிலைத் தமிழில் சொல்லிவிட்டு மலாயிலும் சொன்னேன்.

சுங்கை வேயில் ஒரு அம்மா, லோரி ஓட்டிய கணவரின் காதருகே குனிந்து, "ஸ்பேர் சாவியை எங்க வச்சீங்கன்னு சொல்லவே இல்லையே" என்று கேட்டதைச் சொன்னேன். பல வருடம் பேசாமல் இருந்த ஒரு தம்பி, அண்ணனின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, "வெயில் அதிகம். பார்த்துப் போண்ணே" என்று மட்டும் சொன்னதைச் சொன்னேன். வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்த ஒரு பெண், அம்மாவிடம் அன்றைக்கு மட்டும் அரைகுறைத் தமிழில், துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டதாகச் சொன்னதையும் சொன்னேன். நான் பதிவு செய்தவர்களில் பெரிய வார்த்தை பேசியவர்கள் அபூர்வம். கிட்டத்தட்ட எல்லாருமே, ஊருக்குக் கிளம்பும் ஆளிடம் வாசலில் நின்று பேசுவதைப் போலத்தான் பேசியிருந்தார்கள். அது ஏன் என்பதுதான் என் ஆய்வுக் கேள்வி என்றேன்.

மூன்று பேரும் குறிப்பெடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். சரி, காரியம் கெட்டது என்று நினைத்தேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். தன் தாயார் இறந்த அன்று, சோறு ஆக்கி வைத்துவிட்டேன் என்று அவர் காதில் சொன்னதாகவும், அப்படியொரு நேரத்தில் அதையா சொல்வார்கள் என்று இதுநாள் வரை தனக்கு வெட்கமாக இருந்ததாகவும் மெதுவான மலாயில் சொன்னார். பிறகு பொருளாதாரக்காரர். தங்கள் வழக்கத்தில் தகனம் நடக்கும் நேரத்தில் பிள்ளைகள் உரக்க, "தீ வருது, சீக்கிரம் ஓடுங்க" என்று இறந்தவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமாம். அப்பாவுக்குச் சொல்லும்போது, சுற்றி ஆட்கள் இருந்ததால் கூச்சப்பட்டு, மெதுவாகச் சொல்லிவிட்டாராம். அப்பாவுக்குக் கேட்டிருக்குமா என்று இன்னமும் யோசிப்பதாகச் சொன்னார். வேறு வேறு மதம், வேறு வேறு மொழி. என் மதிப்பெண்ணை எழுத வேண்டிய தாள் மேசையில் வெறுமையாகக் கிடக்க, அவர்கள் தங்கள் வீட்டுச் சாவைப் பேசிக்கொண்டிருந்தார்கள். செயலாளர் கதவைத் தட்டி, அடுத்தவர் காத்திருக்கிறார் என்றபோதுதான் எல்லாருக்கும் நேர்காணல் நினைவுக்கு வந்தது. பொறியாளர் மட்டும் எதுவும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் ஒளிவுமறைவில்லாமல் பேசினார். இந்த நிதியின் விதிப்படி ஒரு பொருள் உருவாகியே தீர வேண்டும். செயலியை எடுத்துவிட்டால் தங்களால் தர முடியாது. என்ன செய்யலாம் என்று என்னையே கேட்டார்.

அவர்களின் கதைகளைக் கேட்ட பிறகு ஐந்து நட்சத்திரத்தைத் திரும்பத் தூக்கிப் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. "ஆப்பை எடுத்துடுங்க, புவான்" என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன். சொன்ன மறுகணம் இன்சூரன்ஸ் அலுவலகத்து நாற்காலி கண்முன்னே வந்து நின்றது. கீழே இறங்கிக் காரில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன்.

நிராகரிப்பு முறைப்படி வந்தது. கணவர் தேநீர் போட்டுக் கொடுத்தார். மறுநாள் தலைவரிடமிருந்து தனியாக ஒரு குறுஞ்செய்தி. சனிக்கிழமை மதியம் பிரிக்ஃபீல்ட்சில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தார்.

போனேன். அவர் மட்டும்தான் இருப்பார் என்று நினைத்தேன். மூன்று பேருமே இருந்தார்கள். இலைகளுக்கு நடுவே ஒரு மடிக்கணினி. வாசலிலேயே நின்றுவிட்ட என்னைப் பார்த்துத் தலைவர் சிரித்தார். "முடிவு போயாச்சு. இனிமே நாங்க நடுவர் இல்ல. உட்காருங்க" என்றார் மலாயில்.

அன்று மதியம் நான் கண்டதை இப்போது நினைத்தாலும் நம்ப முடியவில்லை. தங்கள் ஓய்வு நாளை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருத்திக்காக மூன்று பேர் உலகம் முழுக்கத் தேடினார்கள். பொறியாளருக்கு ஒரு முறை இருந்தது. அறிவிப்பில் என்ன கேட்கிறார்கள் என்று அவர் பார்க்கவே இல்லை. இதற்கு முன் யார் யாருக்குக் கொடுத்திருக்கிறார்கள், அவர்கள் எதை ஆராய்ந்தார்கள் என்றுதான் பார்த்தார். "சொல்றது ஒண்ணு இருக்கும், கொடுக்கிறது ஒண்ணு இருக்கும். கொடுத்ததைப் பாருங்க" என்றார். நான் வருடக்கணக்கில் அறிவிப்புகளையே மனப்பாடம் செய்துகொண்டிருந்தவள். பொருளாதாரக்காரர் ஒரு கையால் ரசத்தை அள்ளி உறிஞ்சிக்கொண்டு, வயது வரம்பு இடிக்கிறது, குடியுரிமை இடிக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். தலைவர் என் ஆய்வுத் திட்டத்தை வாங்கி, பயன், தாக்கம், சந்தை என்று வந்த இடத்தையெல்லாம் பேனாவால் அடித்தார். கடைசியில் எனக்குப் பொருந்துவதாக வெளிநாட்டில் ஒன்று நின்றது. பரிந்துரைக்க மூன்று அறிஞர்கள் வேண்டும் என்றது அது. என் மேற்பார்வையாளரைத் தவிர எனக்கு யாரையும் தெரியாதே என்றேன்.

"எங்க மூணு பேர்ல எந்த ரெண்டு பேரை வேணும்னாலும் போட்டுக்குங்க" என்றார் பொருளாதாரக்காரர். எனக்கு நிதி மறுத்தவர்கள் எனக்குப் பரிந்துரை எழுதினார்கள். அந்த உதவித்தொகை கிடைத்தது. படிப்பு நிற்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது. அந்தச் சனிக்கிழமை மற்ற இருவரும் கிளம்பிய பிறகு பொறியாளரும் நானும் கை கழுவிவிட்டு வாசலில் நின்றோம். உங்களுக்கு ஏன் சார் இந்த ஆய்வில் இவ்வளவு அக்கறை என்று கேட்டேன்.

"கொரோனாவுல என் வைஃப் போயிட்டாங்க. முகம் பார்க்க விடல. எதுவும் சொல்ல முடியல. ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்ப நான் சொன்னதுதான் கடைசி. போன் சார்ஜரை பைக்குள்ள வச்சிருக்கேன், ராத்திரி மறக்காம போட்டுக்கன்னு சொன்னேன். அவ்வளவு வருஷம் ஒண்ணா வாழ்ந்துட்டு, கடைசியா சார்ஜரைப் பத்தி." சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "அன்னைக்கு நீங்க சொல்லச் சொல்லத்தான் தெரிஞ்சது. பெட்டி பக்கத்துல நிக்க முடிஞ்சவங்களும் இது மாதிரிதான் சொல்லியிருக்காங்க."

நான் எத்தனையோ வீடுகளில் கேட்ட கேள்வியைத்தான் அவரிடமும் கேட்டேன்.

"நீங்க சொன்னதையும் ஆய்வுல சேர்த்துக்கட்டுமா சார்?"

சரியென்று தலையசைத்தார். "பேர் போடாதீங்க" என்றார்.

பேர் போடவில்லை. அன்றிலிருந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே என்று யாராவது என்னிடம் கலங்கும்போதெல்லாம், கடைசியாக என்ன சொன்னீர்கள் என்று மட்டும் மெதுவாகக் கேட்கிறேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்று பெரும்பாலும் அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது.