எழுந்து எழுந்து விழுந்த கம்ப்யூட்டர்

திண்டிவனத்துக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில் ஒரு எடை மேடை இருக்கிறது. லாரி மேலே ஏறி நிற்கும். உள்ளே உட்கார்ந்திருக்கும் நான் கம்ப்யூட்டரில் வண்டி நம்பரைத் தட்டி, எடைச் சீட்டு எடுத்துக் கொடுப்பேன். அதுதான் என் வேலை.

அதற்கு முன்னால் லாரி ஓட்டினேன். இடுப்பு போனது. டாக்டர் இனிமேல் ஸ்டியரிங் பிடிக்காதே என்றார். இது உட்கார்ந்து பார்க்கிற வேலை. இதுவும் போனால் என்னை யாரும் கூப்பிடப் போவதில்லை. அது எனக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும்.

ஆயுத பூஜை லீவு முடிந்து காலையில் வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். கம்பெனிப் படம் வந்தது. கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. திடீரென்று திரை கருத்தது. திரும்பப் படம் வந்தது. திரும்ப வட்டம். திரும்பக் கருப்பு. நான் எதையும் தொடவில்லை. அதுவாகவே எழுந்தது, அதுவாகவே விழுந்தது.

வயரைப் பிடுங்கிச் சொருகினேன். வேறு பிளக்கில் போட்டேன். கீபோர்டைக் கழற்றினேன். எல்லாம் கழற்றி, கொஞ்ச நேரம் சும்மா விட்டு, மறுபடி போட்டேன். படம், வட்டம், கருப்பு.

மேடை மேல் மல்லாட்டை லோடு ஒன்று நின்றது. வானம் மூட்டமாக இருந்தது; நனைந்தால் நிலக்கடலை முளைத்துவிடும். டிரைவர் ஜன்னலில் தலையை விட்டார்.

"இன்னா பெருசு, சீட்டு வருமா, வராதா?"

"வரும்."

"எப்போ வரும்? மல்லாட்ட மொளச்சப்புறமா?"

"கையால எழுதித் தரட்டுமா?"

"கையெழுத்துச் சீட்ட மில்லுல எவன் வாங்குவான்? இப்பிடியே நீ தட்டிக்கினே இரு."

வண்டியைப் பின்னால் எடுத்து, எதிர்ப்பக்கத்து எடை மேடைக்குப் போய்விட்டார். அவர் பின்னால் நின்ற வண்டியும் போனது. நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் வீடு மேடைக்குப் பின்னால்தான். வந்தார். நின்றுகொண்டே திரையைப் பார்த்தார். அது அவருக்கும் இரண்டு தடவை எழுந்து விழுந்து காட்டியது.

"என்னாய்யா பண்ண?"

"ஒண்ணும் பண்ணலீங்க."

"ஒண்ணும் பண்ணாம எப்பிடிய்யா கெடும்? முந்தாநாளு பூஜ போட்டப்ப நல்லாத்தான இருந்துச்சி. நீ உக்காந்ததும் கெட்டுப்போச்சி. எதையாவது படம் கிடம் எறக்கினியா?"

"எனக்கு எறக்கவே தெரியாதுங்க."

"தெரியாதவன்தான் எதையாச்சும் நோண்டுவான். திங்கக்கெழமைக்குள்ள இது ஓடணும். இல்லன்னா படிச்ச ஆளாப் பாத்து உக்கார வச்சிடுவேன். சொல்லிட்டேன்."

நான் வயர்களைக் கழற்ற ஆரம்பித்தேன்.

திண்டிவனத்தில் எங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிற மெக்கானிக் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார். விழுப்புரத்தில் ஒருவர் இருக்கிறார் என்று முதலாளி சொன்னார். திரையை விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் ஒரு பழைய போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் மடியில் வைத்து உட்கார்ந்தேன். பள்ளம் வரும்போதெல்லாம் இடுப்பில் குத்தியது. பெட்டியைத் தூக்கிப் பிடித்தேன். இடுப்பு வலித்தால் எனக்கு மட்டும். பெட்டி அடிபட்டால் வேலை போகும்.

கண்டக்டர் போர்வையைப் பார்த்தார்.

"இன்னா நைனா, கொழந்தையா?"

"கம்ப்யூட்டர்."

"அழுவுதா?"

"அழுதா பரவாயில்ல. தூங்கித் தூங்கி எழுந்திருக்குது."

பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விழுப்புரத்துக் கடைக்காரர் வயதில் சின்னவர். பொறுமையான ஆள். பெட்டியை மேஜையில் வைத்தார். பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். தூசு தட்டுவதற்காக முன்பக்கத்து பிளாஸ்டிக் மூடியையும் கழற்றினார். மூடியில் பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் இருந்தது. அது அழியாமல் பார்த்து, மூடியை ஓரமாகச் சுவரில் சாய்த்தார். உள்ளேயிருந்து ஒரு பச்சைப் பட்டையை உருவி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தார். பிரஷ் போட்டார். ஊதினார். கடையில் இருந்த திரையில் மாட்டிப் போட்டார்.

படம் வந்தது. வட்டம் வந்தது. அதற்கு மேலும் போய், எங்கள் எடைச் சீட்டுப் பக்கம் வரைக்கும் வந்து நின்றது.

"அவ்ளோதாண்ணே. தூசு."

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடிக்கும் வரை ஓடியது. அணைத்து, மூடியை மாட்டி, கையில் கொடுத்தார். நான் நிம்மதியாக பஸ் ஏறினேன்.

மேடைக்கு வந்து மாட்டினேன். படம், வட்டம், கருப்பு.

முதலாளி பின்னால் நின்றிருந்தார். கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"எங்கிட்ட நல்லா ஓடிச்சேண்ணே. நீங்களே பாத்தீங்க. உங்க எடத்து கரண்ட்ல கோளாறு இருக்கும்."

முதலாளி போனைப் பிடுங்கினார்.

"கரண்ட்ல இன்னாய்யா கோளாறு? ஃபேன் ஓடுது, லைட்டு எரியுது, தராசு காட்டுது. இது ஒண்ணுதான் பேஜாரு பண்ணுது."

பெட்டியை முதலாளி வீட்டுக்குள் தூக்கிப் போய், டிவி பிளக்கில் போட்டுப் பார்த்தோம். அங்கேயும் அதே. அப்போது முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அங்கே ஓடுகிறது, இங்கே ஓடவில்லை. இரண்டுக்கும் நடுவில் அதைத் தொட்டவன் நான் ஒருத்தன்.

மறுநாள் சனிக்கிழமை. தூறல். போர்வைக்கு மேல் உரச் சாக்கைப் போட்டுச் சுற்றினேன். மறுபடி விழுப்புரம். இந்த முறை ஓடாமல் திரும்பக் கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. கடைக்காரர் மேல் கோபப்பட அவர் தப்பு செய்யவில்லை. முதலாளி மேல் படலாம், பட்டு என்ன செய்வது? பெட்டியை எட்டி உதைக்கலாம் போல இருந்தது. அதுவும் முதலாளியுடையது.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுருக்கினார். மறுபடி தகட்டைக் கழற்றினார், மூடியைக் கழற்றினார், போட்டார். நன்றாக ஓடியது.

"பாருங்கண்ணே. நான் பொய்யா சொல்றேன்?"

"இல்ல தம்பி. மூடு."

"என்னா?"

"எல்லாத்தையும் மூடு. நான் எப்பிடி தூக்கிக்கினு வந்தனோ அப்பிடியே நிக்க வச்சி ஓட்டு."

"மூடுனா என்னா, தொறந்தா என்னாண்ணே? ஓடுறது உள்ள இருக்குது."

"உனக்கு இன்னா நஷ்டம்? மூடு."

சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. பக்கத்துக் கடை ஆள் எட்டிப் பார்த்தார். கடைக்காரர் அலுத்துக்கொண்டு தகட்டையும் மூடியையும் மாட்டினார். நிறுத்தி வைத்துப் போட்டார்.

படம். வட்டம். கருப்பு. படம்.

அவர் மூடியைக் கழற்றினார். ஓடியது. மாட்டினார். விழுந்தது. மூடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆன் பண்ணுகிற பெரிய பட்டனுக்குக் கீழே பட்டாணி அளவில் இன்னொரு பட்டன். அதன் மேல்தான் சந்தனம். சும்மா தொட்டு வைத்த பொட்டு இல்லை. அப்பியிருந்தது. ஓரத்து இடுக்கில் இறங்கி, காய்ந்து, கல்லாகியிருந்தது. பட்டன் பாதி உள்ளே போனபடி நின்றிருந்தது.

"அண்ணே, இதத் தொட்டா மெஷின் திரும்ப மொதல்லேர்ந்து ஸ்டார்ட் ஆவும். இது உள்ள அமுங்கி மாட்டிக்கினு நிக்குது. மூடி மாட்டியிருந்தா, ஃபேன் சுத்தி லேசா அதிர்ந்தாலே உள்ள இருக்கற சுவிட்சத் தொடுது."

"நேத்து நீ தொடச்சப்ப பாக்கலியா?"

"சாமிக்கு வச்சத எப்பிடிண்ணே தொடைக்கறது? சுத்தித்தான் தொடச்சேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் தினம் துணி போட்டுத் துடைக்கிறவன்தான். பொட்டை விட்டுத்தான் துடைப்பேன். யாரும் பூஜைப் பொட்டை அழிப்பதில்லை. மேடையில் போன வருடத்துப் பொட்டுகூட இன்னும் தராசுப் பெட்டி மேல் மங்கலாக இருக்கிறது.

"எடு தம்பி."

"நீங்களே எடுத்துடுங்கண்ணே. ஒங்க எடத்துப் பூஜ."

ஊசி ஒன்றைக் கொடுத்தார். நான் சுரண்டினேன். தூள் தூளாக வந்தது. கீழே ஊத மனசு வரவில்லை. உள்ளங்கையில் சேர்த்து, கண்ணில் ஒற்றி, நெற்றியில் கொஞ்சம் பூசிக்கொண்டேன். மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டேன். பட்டன் டக்கென்று வெளியே வந்தது.

மூடி மாட்டி, நிறுத்தி வைத்து, அணைத்து அணைத்துப் போடச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஓடியது. அவர் போதும் என்றார். நான் இன்னொரு தடவை என்றேன்.

மேடைக்கு வந்து மாட்டி ஓடவிட்டேன். முதலாளி வந்தார். அவர் வீட்டம்மாவும் பின்னாலேயே வந்தார்.

"இன்னா கோளாறாம்?"

"சந்தனங்க."

"எந்தச் சந்தனம்?"

காட்டினேன். அம்மா குனிந்து பார்த்தார்.

"ஐயோ, நாந்தான வச்சேன்! பட்டன்லதான அதுக்கு உசுரு இருக்குது, அதான் நல்லா அழுத்தி வச்சேன். ஏம்பா, அதுவா கெடுத்துச்சி?"

"ஆமாம்மா."

அம்மா முதலாளியைப் பார்த்தார். "பாவம், இவரயா போட்டு ரெண்டு நாளா வறுத்த?"

முதலாளி தொண்டையைக் கனைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். யாரிடமோ பேசினார். மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"வேணாம்பா... இல்ல, திங்கக்கெழம வராத... ஆளு இருக்குது."

அப்படியென்றால் ஆள் பார்த்தே வைத்திருந்தார். சும்மா மிரட்டுகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

உள்ளே வந்தார். ஒரு வார்த்தை சொல்வார் என்று இருந்தேன்.

"வெளிய லோடு நிக்குது பாரு. ஜல்தி."

பார்த்தேன். தார்ப்பாய் போட்ட லாரி மேடையில் ஏறிக்கொண்டிருந்தது. பின்சக்கரம் இன்னும் தரையில் இருந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, முன்னால எடு என்று கத்தினேன். எனக்கே கேட்கப் பயமாக இருந்தது, அவ்வளவு சத்தம்.