பழப்புளி போட்டு மினுக்கிய நகை

ஒஸ்லோ நகரின் ஓரத்திலுள்ள ஹவுகன்ஸ்டுவாவின் மாடிக் குடியிருப்புகளில் அருளானந்தனைத் தெரியாத தமிழர் இல்லை. மனுசன் தம் வாழ்நாளில் ஒரு பிழையும் விட்டதில்லை. கேட்டால் அவரே சொல்வார். காரைக் கம்பத்தில் இடித்தால் கம்பத்தை நட்டவன் மடையன். நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டும்போது விரலை வெட்டிக்கொண்டாரே, அதுகூட மீனின் குற்றந்தான்.

இப்படிக் குறையே இல்லாத மனிதருக்கு ஒரு குறை இருந்தது. அவருடைய பெயர் எங்கேயும் அச்சில் வந்ததில்லை. ஒஸ்லோத் தமிழர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு சங்கத்துக்குத் தலைவர், மீதிப் பேர் முன்னாள் தலைவர். இவரை யாரும் பொருளாளராகக்கூடக் கேட்கவில்லை. நமக்குச் சிரிப்பு வரும். அவருக்கு அது உண்மையாகவே வலித்தது.

அவரோடு வேலை செய்த நோர்வேக்காரன் ஒருவன் வயலில் பழைய கொக்கி ஒன்றைக் கண்டெடுத்தான். அருங்காட்சியகத்தில் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கீழே அவன் பெயரையும் போட்டார்கள். ஒரு துருப்பிடித்த கொக்கிக்கே இந்த மரியாதையா! அடுத்த வாரமே அருளானந்தன் உலோகம் தேடும் கருவி வாங்கிவிட்டார். சனி, ஞாயிறுகளில் விவசாயிகளிடம் அனுமதி கேட்டு, உழுத வயல்களில் காதுக்கருவி மாட்டிக்கொண்டு நடந்தார்.

"நோர்வேயிலை ஆர் கண்ணிவெடி புதைச்சது, அண்ணை?" என்று கீழ் வீட்டு வின்சென்ற் கேட்டான்.

சோடாப் போத்தல் மூடிகளால் ஒரு சாக்கு நிறைந்த பிறகு, விரல் நீளத்தில் பச்சைக் களிம்பு பிடித்த துண்டு ஒன்று அகப்பட்டது. அருளானந்தன் அதைக் கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். பழம்பொருள் அரசுக்குச் சொந்தம், கொடுத்துவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். கொடுப்பதற்குத்தானே தேடினார்!

அவர் மனைவி சிவநாயகி அதை வாங்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். "உந்த ஊத்தையோடையோ பெரிய அரசாங்கக் கந்தோருக்குக் கொண்டு போகப் போறியள்? தாங்கோ, மினுக்கித் தாறன்."

குத்துவிளக்கு மினுக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பழப்புளியைக் கரைத்து ஊறவிட்டு, பழைய பல் தூரிகையால் உரஞ்சினாள். குழிகளுக்குள் சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ அப்பிக்கிடந்தது. அதை ஊசியால் கிண்டி எடுத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். நகை பளபளத்தது. அருளானந்தன் பூரித்துப்போனார்.

அருங்காட்சியகத்து அம்மையார் பொதியைப் பிரித்துப் பார்த்தார். உருப்பெருக்கிக் கண்ணாடியைக் குழிகளின்மேல் பிடித்தார். பிறகு மெல்லச் சொன்னார்: இது அயர்லாந்து வேலைப்பாடு, ஆயிரத்து இருநூறு வருடமாவது இருக்கும். அந்தக் காலத்தில் இங்கிருந்து கடல் கடந்து கொள்ளையடிக்கப் போனவன் எவனோ அங்கே ஒரு குதிரைச் சேணத்திலிருந்து பிடுங்கி வந்திருப்பான். இங்கே யாரோ ஒருத்தி அதை மார்பில் குத்திக்கொண்டிருப்பாள். இந்தக் குழிகளில் சிவப்பும் மஞ்சளுமாக எனாமல் என்ற கண்ணாடிப் பூச்சு இருந்திருக்க வேண்டும்.

"யார் துலக்கியது?"

கூட வந்திருந்த சிவநாயகியின் முகம் வெளிறியது. நோர்வேப் பாலர் பள்ளியில் வேலை செய்கிறவள், மொழி நன்றாகத் தெரியும். அவ்வளவும் அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் அருளானந்தன் முந்திக்கொண்டார்.

"நான்தான். பிழை என்னுடையது."

'பிழை' என்பதற்கு நோர்வே மொழியில் என்ன சொல் என்று அவருக்குத் தெரியும் என்பதே சிவநாயகிக்கு அன்றுதான் தெரியும்.

திரும்பி வரும்போது ரயிலில், "ஏன் அப்பிடிச் சொன்னியள்?" என்று கேட்டாள்.

"சும்மா இரும்," என்றார். பெயர் போடமாட்டார்கள் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது.

ஆனால் போட்டார்கள். அடுத்த வருடம், கண்டெடுத்த பொருள்களை எப்படிக் கையாள வேண்டும் என்று பொதுமக்களுக்குப் புத்தி சொல்ல ஒரு கண்காட்சி வைத்தார்கள். அருளானந்தனின் நகையை வேறு எங்கே வைப்பார்கள்! மினுமினுக்கும் நகையின் கீழே இரண்டு வரிகள் இருந்தன. 'கண்டெடுத்தவர்: அருளானந்தன்.' அதன் கீழே: 'எனாமலைத் துலக்கி அகற்றியவரும் அவரே.'

அருளானந்தன் முதல் வரியைப் பலமுறை வாசித்தார். பிறகு மகள் சுஜானியிடம் கமராவைக் கொடுத்தார். "பேர் வடிவாய் விழவேணும், பிள்ளை."

அவர் பெட்டியின் ஒரு பக்கம் நின்றார். மறுபக்கம் நின்ற சிவநாயகி இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து, கைப்பையைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்தாள்.

"அம்மா, பையை எடுங்கோ. கீழ் வரி மறையுது."

"மறையட்டும்," என்றாள் சிவநாயகி. "நீ எடு."