விஜயதசமியன்று எழாத ரவுட்டர்

தி.நகர் அலுவலகத்தில் என் வேலை, கிளைகளை எங்களோடு இணைக்கும் ரவுட்டர்களை, இயக்கம் நின்று விழாமல் பார்த்துக்கொள்வது. அவை விழும். விழுந்தால் நான் லேப்டாப்பையும் கேபிளையும் தூக்கிக்கொண்டு திருவான்மியூருக்கோ அடையாறுக்கோ பஸ் ஏற வேண்டும். போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். எங்கள் மேலாளர் இதற்குக் கண்டுபிடித்த தீர்வு, என் இடத்தில் பைக் ஓட்டத் தெரிந்த ஒருவரைப் போடுவது. என்னை டேட்டா என்ட்ரிக்கு மாற்றுவாராம். அதை எனக்குச் செய்யும் உபகாரம் போல அவர் சொன்னதில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நான் கன்சோல் சர்வர் கேட்டேன். ரவுட்டர் படுத்துவிட்டால், தொலைபேசி வழியாக அதன் பின்பக்கத்து போர்ட்டுக்குள் புகுந்து எழுப்புவதற்கான பெட்டி அது. வெளிநாட்டுப் பெட்டியின் விலையைப் பார்த்து மேலாளர் சிரித்தார். ரிச்சி தெருவில் மலிவாக ஒன்று கிடைத்தது. கரண்ட் போய் வந்தால் போட்டுவைத்ததையெல்லாம் அது மறந்துவிடும் என்று தெரிந்ததும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். சென்னையில் கரண்ட் போகாத வாரம் உண்டா? கடைசியில், கணக்குப் பிரிவு கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டரில் எட்டு சீரியல் போர்ட் உள்ள கார்டைச் செருகி, போன் லைனில் மோடத்தை மாட்டி, திருவான்மியூர் கிளையில் வைத்தேன். மெயின் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தானாகவே எழுந்துகொண்டது.

மேலாளர் அசைந்து கொடுக்கவில்லை. விஜயதசமியன்று பைக்குக்காரர் வேலையில் சேர்வதாக முடிவாயிற்று. நல்ல நாளாம்.

அன்று காலை அவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்திருக்கும்போதே திருவான்மியூர் லைன் வரவில்லை. ஆயுதபூஜைக்காக முதல் நாள் எல்லாவற்றையும் அணைத்திருந்தார்கள். திரும்பப் போட்டபோது ரவுட்டர் பாதியில் நின்றுவிட்டது. இதற்குத்தானே அந்தப் பெட்டி என்று டயல் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மோடம் எடுக்கவில்லை. மேலாளர் என் பின்னால் வந்து நின்று, வெளியே இருப்பவரையே அனுப்பிவிடலாமா என்றார்.

"பத்து நிமிஷம் குடுங்க சார்" என்றேன்.

கிளை உதவியாளரைப் போனில் பிடித்தேன். கம்ப்யூட்டர் ஓடுகிறதாம், திரையில் மட்டும் கீபோர்டு என்று ஏதோ எழுதியிருக்கிறதாம். அந்தக் கீபோர்டு எங்கே என்று கேட்டேன்.

"அது சாமி படத்தாண்ட கீது மேடம். கழட்டித் தொடச்சி, பொட்டு வச்சி கும்புட்டோம். பூஜைய கலைக்காம எப்டி எடுக்கறது?"

மின்வெட்டையெல்லாம் யோசித்த நான் சரஸ்வதியை யோசிக்கவில்லை. கீபோர்டு இல்லையென்றால் அந்தப் பழைய கம்ப்யூட்டர் மேற்கொண்டு ஒரு அடி எடுத்துவைக்காது. அவரிடம் கோபித்துக்கொள்ள நேரமில்லை. சூடம் காட்டிவிட்டு எடுத்துவந்து மாட்டி, கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. போனில் பூஜை மணிகூடக் கேட்டது.

மறுபடி டயல் செய்தேன். மோடம் கீச்சிட்டது. திரையில் ரவுட்டரின் பெயர் வந்து நின்றது. அதற்கு மேல் எனக்குப் பழகிய வேலைதான். சற்று நேரத்தில் லைன் வந்துவிட்டது.

அடுத்த வருஷமும் கீபோர்டு சாமியிடம் போகுமே என்று மேலாளர் கேட்டார்.

"போகட்டும் சார். கீபோர்டு இல்லாமலே எழுந்திருக்கற மாதிரி நாளைக்கே போய் மாத்திடறேன்."

அவர் குனிந்து, லைன் வந்திருப்பதைத் திரையில் சரிபார்த்தார். பிறகு வெளியே போய், பைக்குக்காரரை வசூல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாவம், கம்ப்யூட்டர் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருப்பார். எனக்கு வருத்தமே வரவில்லை. நாற்காலியை மேஜைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப்போட்டுக்கொண்டேன்.