நான் சேர்த்த வரி

பாகூர் பக்கத்தில் எங்கள் ஊரில் பன்னிரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பும் அடித்துத் தருவேன். மனு, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான் போகும். ஊரில் யாருக்கு யாரோடு என்ன மனக்குறை என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தெரிந்ததை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் தொழிலுக்கு அழகு என்று நினைத்திருந்தேன்.

அந்த அக்கா என் கடைக்கு வந்தது ஓர் ஆடி மாதத்துப் பகலில். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவர். பிறந்தது மாரியம்மன் கோயில் தெருவில். கட்டிக்கொண்டது மாதா கோயில் தெருக்காரரை. இரண்டு தெருவும் சேரும் முனையில்தான் அவர்கள் வீடு. லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவர் முந்தின வருஷம் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பேச்சும் போய்விட்டது. பெரிய சத்தம் கேட்டால் அவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடும். அழுவார்.

எங்கள் ஊரில் அம்மன் திருவிழாவும் மாதா கோயில் கொடியேற்றமும் அநேகமாக ஒரே சமயத்தில் வரும். அக்கா வீட்டு வாசலில் நிற்கும் கரண்ட் கம்பத்தில் இவர்கள் ஒரு கூம்பு ஸ்பீக்கர் கட்டுவார்கள், அவர்கள் ஒன்று கட்டுவார்கள்.

"ரெண்டு எடத்துலயும் போயி வாயால கேட்டுப் பாத்துட்டேம்மா" என்றார். "பத்து நாளுதானன்றாங்க. அவரு படற பாடு அவங்களுக்கு இன்னா தெரியும்? ஒரு நோட்டீஸா அடிச்சி வூட்டுக்கு ஒண்ணு குடுத்தா, நாலு பேராவது நம்ம பக்கம் பேசமாட்டாங்களா?"

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். மேலே கோயில்காரர்களுக்கு ஒரு பத்தி, கீழே சர்ச்காரர்களுக்கு ஒரு பத்தி. திருவிழாவை நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. எங்கள் வாசலில் கட்டும் ஸ்பீக்கரை மட்டும் நாலு கம்பம் தள்ளிக் கட்டுங்கள், வீட்டில் நோயாளி இருக்கிறார். அவ்வளவுதான். முடித்ததும் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அம்மனுக்கு இன்னா காது கேக்காதா? மெதுவா கூப்டா வரமாட்டாளா? மாதாவும் அப்படித்தான்."

எனக்கும் சிரிப்பு வந்தது. "இதையும் போட்டுடலாமாக்கா? நல்லா இருக்குது" என்றேன்.

"வேணாம்மா. தப்பா எடுத்துக்கினா?"

"இதுல தப்பா எடுத்துக்க இன்னா இருக்குது?" என்று சொல்லி, முதல் பத்தியின் முடிவில் அம்மனையும் இரண்டாவதன் முடிவில் மாதாவையும் நானே சேர்த்தேன். வழக்கம்போல அடியில் என் கடைப் பெயரும் போட்டேன்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் நோட்டீஸ் இரண்டாகிவிட்டது. கோயில் தெருவின் வாட்ஸப் குரூப்பில் மேல் பாதியின் படம் மட்டும் சுற்றியது. மாதா கோயில் தெருவில் கீழ்ப்பாதி மட்டும். அந்த மதத்துக்குப் போனவள் நம் அம்மனைச் செவிடு என்கிறாள் என்றார்கள் இங்கே. என்ன இருந்தாலும் அவள் அந்தத் தெருக்காரிதானே, நம் மாதாவைக் கிண்டல் செய்கிறாள் என்றார்கள் அங்கே. முழு நோட்டீஸை என் போனிலிருந்து அனுப்பலாமா என்று நினைத்தேன். அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் யாரும் படித்திருக்கமாட்டார்கள் என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, புகார் போய், அக்காவைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள், என்னையும் சேர்த்து. என் வீட்டுக்காரர் வாசல்வரை வந்து, "கேட்டா, அவங்க சொன்னத அடிச்சேன்னு மட்டும் சொல்லு. வேற எதுவும் பேசாத" என்றார்.

உள்ளே கோயில் கமிட்டித் தலைவரும் மாதா கோயில் பங்குப் பேரவையிலிருந்து ஒரு பெரியவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கெட்டவர்கள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு வாய் வராது. அக்காவின் கணவர் விழுந்த அன்று காரை எடுத்துக்கொண்டு ஓடியவர் அந்தத் தலைவர்தான். ஞாயிறு தவறாமல் அக்கா வீட்டுக்குப் போய் அந்த நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபம் சொல்லிவிட்டுப் போகிறவர் அந்தப் பெரியவர். அன்றைக்கு இரண்டு பேரும் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள்.

"இந்த வரி யாரு எழுதுனது?" என்று எஸ்.ஐ. என்னைக் கேட்டார்.

"அவங்க சொன்னதத்தான் சார் அடிச்சேன்" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை. அக்கா ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆமா சார், நாந்தான் சொன்னேன்" என்றார். "நா சாமிய ஒண்ணும் சொல்லல. சத்தத்தத்தான் சொன்னேன்."

"எனக்குப் புரியுதும்மா. வெளிய நிக்கறவங்களுக்குப் புரிய வெக்க என்னால ஆவாது. நாளைக்கு ஒரு கல்லு விழுந்தா ரெண்டு தெருவும் அடிச்சிக்கும். எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்க."

ஸ்பீக்கரைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. அக்கா ஒரே ஒரு தரம் வாயெடுத்தார். "அதப் பொறவு பாத்துக்கலாம்" என்றார் பெரியவர்.

மன்னிப்புக் கடிதத்தையும் என் கடையில்தான் அடித்தோம். கூடவே ஒரு போலீஸ்காரர் நின்றார். 'மனதைப் புண்படுத்தியிருந்தால்' என்று நான் அடித்ததைப் பார்த்துவிட்டு அக்கா, "'புண்படுத்தியதற்கு'ன்னு போடும்மா. இல்லன்னா திரும்ப மாத்திக்கினு வரச் சொல்லுவாங்க" என்றார். மாற்றினேன். இரண்டு காப்பி எடுத்தேன், இந்தத் தெருவுக்கு ஒன்று, அந்தத் தெருவுக்கு ஒன்று. இரண்டிலும் அக்கா கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கே கணவரை ஆட்டோவில் படுக்கவைத்து நெட்டப்பாக்கத்தில் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போனார். திருவிழாக்கள் முடிந்தபின் திரும்பி வந்தார். அதிலிருந்து வருஷா வருஷம் அப்படித்தான். கொடியேற்றத்துக்கு முதல் நாள் ஆட்டோ வந்து நிற்கும். ஸ்பீக்கர்கள் அதே கம்பத்தில் இருக்கின்றன. ஊரில் சண்டை எதுவும் இல்லை. நல்லபடியாகத் தீர்த்துவைத்தோம் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஒரு நாள் ஊனமுற்றோர் உதவித்தொகைக்காக ஜெராக்ஸ் எடுக்க அக்கா வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை. "அந்த வரி நாந்தான் போட்டேன்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும்க்கா" என்றேன்.

அவர் ஆதார் நகல்களை அடுக்கிக்கொண்டே, "சொல்லியிருந்தா மட்டும் இன்னா ஆயிருக்கும்? நா ஒருத்தியா நின்னேன். ரெண்டு பேரா நின்னிருப்போம்" என்றார்.

அதை எதற்காகச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை. ஆறுதலாகச் சொன்னாரா, குத்திக்காட்டினாரா என்று கேட்கவும் முடியவில்லை. காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

போன மாதம் ஒருவர் வந்தார், குடிதண்ணீரைப் பற்றி ஒரு நோட்டீஸ் அடிக்கவேண்டும் என்று. அதில் எந்தச் சாமியும் இல்லை. ஆனாலும் தெருக்களின் பெயர் இருந்தது. இந்தத் தெருவுக்கு வருகிற தண்ணீர் அந்தத் தெருவுக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். இரண்டு தரம் படித்துவிட்டு, பிரிண்டர் ரிப்பேர், வில்லியனூர் போய் அடித்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.