தாளைப் பிடிக்காத ஃபேன்

"...பளபளன்னு கீதுன்னு வாங்கினியா சார்? கல்யாண மண்டபத்துல மாட்டு, போ."

இப்படித் திட்டியவர் ஈக்காட்டுத்தாங்கலில் கார் ரேடியேட்டர் வேலை செய்பவர். ஒல்லி உடம்பு, எப்போதும் சுருங்கிய புருவம். அவர் திட்டுவதைக்கூட வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்காட்டத் தோன்றும். சட்டைப் பையில் ஒரு செய்தித்தாளை மடித்து வைத்திருப்பார், படிக்க அல்ல.

என் பழைய ஃபியட் காரில் பெரிய இன்ஜின் ஏற்றி, அதைக் குளிர்விக்கப் பளபளப்பான புது ஃபேன் ஒன்றும் மாட்டியிருந்தேன். பாண்டி பஜார் சிக்னலில் நின்றாலே கொதித்தது.

இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் முன்னால் அந்தத் தாளை வைத்துக் கையை எடுத்தார். சரியான ஃபேன் என்றால் காற்றை இழுத்துத் தாளைப் பிடித்துக்கொள்ளுமாம். தாள் நழுவித் தரையில் விழுந்தது.

"ஒரு பேப்பரையே பிடிக்கல. இன்ஜினை எங்க காப்பாத்தும்?"

"நாளைக்கு மட்டும் ஓட்டிக்கறேன் பாய். மாசமா இருக்கிற பொண்ணை அடையாறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"அந்தப் பொண்ண நடுரோட்ல நிக்க வெப்பியா? பெத்தவன் பேசுற பேச்சா இது?"

என் மகளை அவர் பார்த்ததே இல்லை. அவருக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று இன்றும் யோசிக்கிறேன். வண்டிச் சாவியை உருவித் தன் பையில் போட்டுக்கொண்டார். எதிரே நின்ற ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு, காலையில் என் வீட்டு வாசலில் நிற்கச் சொன்னார்.