கதையில் அழாத அண்ணி

எங்கள் ஊரில் கதை எழுதுகிறவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறோம். சனிக்கிழமை சாயங்காலம் செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு காபிக் கடையின் மாடியில் கூடுவோம். பக்கத்து மேசைகளில் வெளிநாட்டுக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, நாங்கள் மட்டும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்போம். பெரும்பாலும் கதாபாத்திரங்களைப் பற்றித்தான் சண்டை. முழுமையான பாத்திரம் என்றால் தனக்குள்ளேயே முரண்படுவார், கதை முடிவதற்குள் மாறிவிடுவார். தட்டையான பாத்திரத்துக்கு ஒரே குணம்தான், வந்த வேலை முடிந்ததும் போய்விடுவார். இதில் எனக்கு வாய் ஜாஸ்தி. கதவைத் திறந்துவிட வருகிறவரின் மனசையெல்லாம் திறந்து காட்டிக்கொண்டிருந்தால் கதை எப்படி நகரும் என்று கேட்பேன். அந்தக் கேள்வி தவறு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. யாரைக் கதவு திறக்கிறவராக வைத்தேன் என்பதில்தான் தவறு.

அப்பா அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் வீட்டில் பக்கவாதம் வந்து எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அண்ணன் லாரி ஓட்டுகிறார், போனால் வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார். வீட்டு முன்னால் உள்ள டீக்கடையையும் உள்ளே கிடந்த அப்பாவையும் அண்ணிதான் பார்த்துக்கொண்டார். நான் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசில் உதவியாளர். பைக்கில் அரை மணி நேரம்கூட இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போவேன். ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு போய், ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவேன்.

அப்பா போனது ஒரு பௌர்ணமி விடியற்காலை. அண்ணி போன் செய்தார்.

"மாமா போயிட்டாரு தம்பி. ரோட்டுல வண்டி எதுவும் உடமாட்டாங்க. நடந்தே வந்துடுங்க."

கிரிவலக் கூட்டத்தில் முட்டி மோதி நடந்து போய்ச் சேர மணி ஒன்பதாகிவிட்டது. வீட்டில் சாவு விழுந்திருக்கிறது, வாசலில் கடை திறந்திருக்கிறது. அண்ணி அடுப்புக்குப் பக்கத்தில் நின்று, நடந்து போகிறவர்களுக்கு டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தும் என்னிடம் வரவில்லை. பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒப்பாரி வைக்க ஆரம்பித்ததும் விறுவிறுவென்று உள்ளே போனார்.

"இப்ப கத்தாதீங்க. கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

அவர் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சுடுகாட்டு ஏற்பாட்டைக் கவனிக்கப் போய்விட்டேன்.

அந்த மாதமே கதை எழுதினேன். அதில் ஒரு மகன் தினமும் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து ஓடி வந்து அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டுகிறான். மருமகள் பிணத்தை உள்ளே வைத்துக்கொண்டு வெளியே டீ விற்கிறாள். மகனுக்குக் குற்ற உணர்ச்சி, கோபம், பாசம், கடைசியில் ஒரு தெளிவு என்று எல்லாம் வைத்தேன். மருமகளுக்குக் கல்மனம் ஒன்று போதும் என்று விட்டுவிட்டேன். ஒரு சிறுபத்திரிகையில் கதை வந்தது. மாடியில் நண்பர்கள் பாராட்டினார்கள். என் முதல் தொகுப்புக்கு அதையே தலைப்புக் கதையாக வைத்தேன்.

புத்தகம் அச்சுக்குப் போக ஒரு வாரம் இருக்கும்போது, மனு கொடுக்கும் திங்கட்கிழமை, அண்ணி கலெக்டர் ஆபீசுக்கு வந்தார். கூடவே அப்பாவின் தங்கை. அத்தைக்கு முதியோர் பென்ஷன் நின்றுபோயிருந்தது. இரண்டு பேரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தேன்.

"உங்க கதை படிச்சேன் தம்பி" என்றார் அண்ணி.

"அது கதைங்க அண்ணி. நீங்க இல்ல" என்றேன். அவர் மனுவைப் பதிய வரிசையில் நிற்கப் போய்விட்டார்.

அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கதையைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. போகிற அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தவர் தானாகப் பேச ஆரம்பித்தார்.

"இவ இல்லன்னா நான் அன்னிக்கே போயிருப்பேன் நைனா. உங்கப்பன் எழுந்து உக்காரணும்னு வேண்டிக்கிட்டு மாசாமாசம் மலை சுத்தினேன் இல்ல? அன்னிக்கும் இருட்டோட கெளம்பிட்டேன். திரும்பி வரச்சொல்ல பயந்துக்கிட்டேதான் வந்தேன். தூரத்துல பாக்கறேன், கடை தொறந்திருக்குது. அப்பாடா, அண்ணன் நல்லாதான் இருக்குதுன்னு வந்துட்டேன். என்னை உக்கார வச்சு, தண்ணி குடுத்து, நெஞ்சு வலி மாத்திரையை முழுங்க வச்சுட்டு, அப்புறம்தான் சொன்னா. கடை மூடியிருந்தாலும் சரி, அழுகைச் சத்தம் கேட்டிருந்தாலும் சரி, அந்த ரோட்டுலயே உழுந்திருப்பேன்."

"அண்ணி அழவே இல்லையே அத்தை."

"யாரு சொன்னது? என் மடியில உழுந்து அவ அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். நீ எங்க இருந்த அப்ப?"

நான் சுடுகாட்டில் விறகுக்காரனோடு பேசிக்கொண்டிருந்தேன். தலையைக் குனிந்துகொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

அண்ணி திரும்பி வந்தார். நான் எழுந்து நின்றேன். கதையைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"ஏன் எடுக்கறீங்க? நல்லாத்தானே இருக்குது. அந்த மருமகள் யாருன்னு யாருக்குத் தெரியப்போவுது, உடுங்க." பிறகு, அத்தைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணு மட்டும் மாத்திடுங்க தம்பி. தினமும் வந்து கஞ்சி ஊட்டினதா எழுதியிருக்கீங்க. நம்ம தெருவுல படிக்கறவங்க இருக்காங்க. உங்களைப் பார்த்து யாரும் சிரிச்சுடக் கூடாது இல்ல?"

சரி என்று தலையாட்டினேன். அவர் அத்தையின் கையைப் பிடித்து எழுப்பி, கலெக்டரைப் பார்க்கும் வரிசைக்குக் கூட்டிப்போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் அச்சுக்குப் போகவிருந்த பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "தினமும் சாயங்காலம்" என்பதை அடித்துவிட்டு "ஞாயிற்றுக்கிழமைகளில்" என்று எழுதினேன். மற்ற ஆறு நாள் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டியது யார் என்று அடுத்த வரியில் எழுத வேண்டியிருந்தது.