வசந்தி அக்கா பார்த்த கோடுகள்

வசந்தி அக்காவின் கண்ணில் கோளாறு என்று நான் சொன்னது பொய். சொன்னபோது அது பொய்யென்று எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை... அதைத்தான் உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

அல்சூரில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகம். ஈஜிபுராவிலிருந்து வரும் வசந்தி அக்காதான் கம்ப்யூட்டரில் பத்திரிகைகளை வடிவமைப்பார். நான் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. காலையில் கல்லூரிக்குப் போகும் வழியில் அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொடுப்பேன்.

புதிதாக வந்த கம்ப்யூட்டரில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. திரையில் படம் காட்டுவதற்கும் மற்ற வேலைகளுக்கும் ஒரே மெமரி. திரை துடிக்காமல் இருக்கட்டுமென்று அது நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற ரெஃப்ரெஷ் ரேட்டை உச்சத்துக்கு ஏற்றிவைத்தேன். யாரும் கேட்கவில்லை. என்னால் முடியும் என்பதால் செய்தேன்.

ஒரு வாரத்தில் அக்கா சொன்னார். “பெரிய படம் தொறந்தா போதும் ரகு, ஸ்கிரீன் முழுக்க வெள்ளையா கோடு ஓடுது.”

கேபிளை மாற்றினேன். மானிட்டரை மாற்றினேன். காலையில் நான் பார்க்கும்போது கோடே இல்லை. சின்ன ஃபைலைத் திறந்துதானே பார்த்தேன்... ‘கோடு வரும்போது பிரிண்ட் ஸ்கிரீன் பொத்தானை அழுத்தித் திரையைப் படமாக எடுத்து வையுங்கள்’ என்றேன். எடுத்துவைத்தார். படத்தில் ஒரு கோடும் இல்லை. அதை அச்செடுத்து முதலாளியின் மேசையில் வைத்தேன்.

“மெஷின் சுத்தமா இருக்கு சார். அக்கா கண்ண ஒரு தடவ காட்டிக்கிட்டா நல்லது.”

முதலாளி சிரித்தார். “இன்னாம்மா, இந்த வயசுலயே வெள்ளெழுத்தா? கலர் வேல பேஜாராயிடும். கண்ணு சரியில்லன்னா வேற ஆள்தான் பாக்கணும், சொல்லிட்டேன்.”

கண்ணில் குறையில்லை என்றார் டாக்டர். ஆனாலும் அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். “பவர் இல்ல ரகு, சும்மா கண்ணாடி. இத போட்டுக்கிட்டா முதலாளி ஒண்ணும் கேக்க மாட்டாரில்ல.” அதற்குப் பிறகு கோட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை.

பரீட்சை லீவில் ஒருநாள் மதியம் போனேன். திரையில் பெரிய முருகன் படம். அதன் குறுக்கே வெள்ளைக் கோடுகள் ஓடின. நானே பார்த்தேன்!

“அக்கா... இது என்ன?”

அவர் முதலாளியின் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “எது? ஒண்ணுமில்லயே.”

அவர் சாப்பிடப் போனதும் ரெஃப்ரெஷ் ரேட்டைக் குறைத்தேன். கோடுகள் நின்றுவிட்டன. பெரிய படத்தையும் சுமந்துகொண்டு, நான் கேட்ட வேகத்துக்கு அந்த மெமரியால் ஈடுகொடுக்க முடியவில்லை. மெமரிக்குள் இருந்த படத்தில் குறையில்லை. அங்கிருந்து திரைக்குப் போகும்போதுதான் சிதறியிருக்கிறது. பிரிண்ட் ஸ்கிரீன் எடுப்பதோ மெமரியில் உள்ள படத்தை. என் சாட்சியை எங்கே தேடியிருக்கிறேன் பாருங்கள்...

இரண்டு நாள் கழித்து அக்காவே சொன்னார். “இப்ப நெசமாவே வர்றதில்ல ரகு. கண்ணுலதான் ஏதோ இருந்திருக்கு போல.”

“நல்லதுக்கா” என்றேன்.

ஏன் சொல்லவில்லை? வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி என்னைக் கம்ப்யூட்டர் டாக்டர் என்பார். அவ்வளவுதானா? அவ்வளவுதான்.

அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகைகள் முழுவதும் வீணாகிவிட்டன. அச்சுத் தகட்டில் கீறல். ஒவ்வொரு பத்திரிகையிலும் மணப்பெண்ணின் பெயர்மேல் மெல்லிய வெள்ளைக் கோடு. நான் அன்று பிரிண்டருக்கு மை மாற்றிக்கொண்டிருந்தேன். முதலாளி அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“மொத காப்பிய உன்கிட்டதானே காட்டுனாங்க? கோடு இருந்துச்சா?”

“இருந்துச்சு சார்.”

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்றம் ஏம்மா சொல்லல?”

“என் கண்ணுன்னு நெனச்சேன் சார்.”

நான் மூன்றடி தள்ளி நின்றேன். ஒரு வாக்கியம் போதும். என் கை மை மாற்றும் வேலையைத் தொடர்ந்தது. அவமானம்கூட அப்போது வரவில்லை, நம்புங்கள். எதுவுமே வரவில்லை. இப்போதும் நினைத்தால் அந்த மரத்துப்போன இடம்தான் தட்டுப்படுகிறது.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் முதலாளி. அக்கா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு என்னருகே ஒரு நொடி நின்றார்.

“வரேன் ரகு.”

“சரிக்கா” என்றேன்.